செவ்வாய்க்கிழமை அழைப்பு

வார்னா
4 பிப்ரவரி 2024

வெலிஸார் அவர்களுக்கு,

அண்ணா என்று எழுதக் கை வரவில்லை. சர்ச்சில் எங்கள் கல்யாணத்தில் பின்னால் நின்று எங்கள் தலையில் கிரீடம் மாற்றியவர் நீங்கள். இத்தனை வருஷமும் வேறு எப்படியும் உங்களைக் கூப்பிட்டதில்லை. இனிமேல் இப்படித்தான்.

உங்கள் வக்கீல் கொலேவா அம்மாள் போன் செய்தார். ஆசெனின் கைபேசி என்னிடம் இருக்கிறதா, அதை ஒரு தடவை பார்க்க முடியுமா என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன். என் புருஷன் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கிச் செத்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. அவன் கைபேசி மருத்துவமனையில் கொடுத்த அதே பையில், அவன் பெல்ட்டோடும் சாவியோடும் கிடக்கிறது. அந்தப் பையை நானே இன்னும் பிரிக்கவில்லை. அதில் உங்களுக்கு என்ன வேலை?

அரசு வக்கீல் என்னைக் கூப்பிட்டு உங்கள் எண்ணெய் ஆலை மேலாளர் மான்செவின் கணினித் திரையைப் படம் எடுத்து வைத்திருந்ததைக் காட்டினார். செவ்வாய்க்கிழமை மீட்டிங்குக்கு அவர் அனுப்பிய அழைப்பு. அதற்குள் எழுதியிருக்கிறது: 'நான்காம் தொட்டியில் மறுபடி நைட்ரஜன் விடப்பட்டுள்ளது. யாரும் இறங்கக் கூடாது.' பக்கத்தில் பெயர்கள். உங்கள் பெயருக்கு நேராகப் பச்சை டிக். 'ஏற்றுக்கொண்டார்' என்று கொட்டை எழுத்தில். மற்ற பெயர்களைக் காகிதத்தால் மறைத்திருந்தார்கள்.

நைட்ரஜனுக்கு வாசனை கிடையாதாம். உள்ளே போனவன் ரெண்டு மூச்சு இழுத்ததும் விழுந்துவிடுவானாம். அரசு வக்கீல் எனக்கு வகுப்பு எடுப்பது மாதிரி நிதானமாகச் சொன்னார். நான் அந்தப் பச்சை டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெரிந்தும் அவனை ஏன் உள்ளே அனுப்பினீர்கள்? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வேண்டும். பூசி மெழுக வேண்டாம்.

உங்கள் வீட்டுக் கதவில் யாரோ ஆசெனின் இரங்கல் தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள் என்று கொலேவா சொன்னார். நான் ஒட்டவில்லை. தோன்றியிருந்தால் ஒட்டியிருப்பேன்.

நெவேனா


டோல்னி ப்ரியாக்
13 பிப்ரவரி 2024

நெவேனா,

நீ திட்டியாவது எழுதினாயே. வீட்டுக் காவலில் இருக்கிறவனுக்குத் தபால்காரர் தவிர வேறு விருந்தாளி இல்லை. கணினி, கைபேசி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இப்போதுதான் பேனா பிடிக்கிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

எனக்குத் தெரியாது. உன் கேள்விக்குப் பதில் இதுதான். நீ நம்பமாட்டாய், அதனால் அந்த டிக் எப்படி வந்தது என்று சொல்கிறேன். கொலேவா கணினி தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் சொல்லித்தான் எனக்கே புரிந்தது.

மான்செவ் முன்பெல்லாம் முற்றத்தில் வந்து நின்று கத்துவார். இன்னாருக்கு இன்ன வேலை என்று காது கிழியச் சொல்லிவிட்டுப் போவார். அப்புறம் மேலிடத்திலிருந்து யாரோ வந்து, எல்லாம் எழுத்தில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து செவ்வாய் மீட்டிங் அழைப்புக்குள் எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தார். அது ஒவ்வொரு வாரமும் தானே வருகிற அழைப்பு. ஜனவரியில் ஒரு தடவை 'சரி' என்று அழுத்தினால் டிசம்பர் வரைக்கும் எல்லாச் செவ்வாய்க்கும் சரிதான். அழுத்தாதவனுக்கு அலுவலகத்திலிருந்து போன் வரும், ஏன் அழுத்தவில்லை என்று. அதனால் பட்டறையில் எவனும் படிக்கமாட்டான், எல்லாரும் அழுத்துவார்கள். நாங்கள் அதைக் கொசு அடிப்பது என்போம்.

திங்கட்கிழமை தொட்டியைத் திறந்தோம், காற்றுப் போகவிட்டோம், காற்றை அளக்கும் மீட்டரை இறக்கிப் பார்த்தோம். சுத்தமாக இருந்தது. மறுநாள் கழுவுவதாக ஏற்பாடு. சாயங்காலம் நாங்கள் கிளம்பிய பிறகு, கழுவாமலே புது எண்ணெய் விடலாம் என்று மான்செவ் முடிவெடுத்திருக்கிறார். எண்ணெய் கெடாமலிருக்க ராத்திரி ஷிப்டை வைத்து நைட்ரஜனை விட்டுவிட்டு, வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஏற்கெனவே இருந்த அழைப்புக்குள் அந்த ரெண்டு வரியைச் சேர்த்தார். மீட்டிங் நேரம் மாறவில்லை. நேரமும் இடமும் மாறினால்தான் அந்த மென்பொருள் மறுபடி 'வருகிறாயா' என்று கேட்குமாம். உள்ளே இருக்கிற எழுத்து மட்டும் மாறினால் கேட்காது. காலண்டரில் பழைய எழுத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துவிடும். மாற்றம் வந்த செய்தியைத் தானே குப்பைப் பெட்டிக்குத் தள்ளிவிடும், நமக்குத் தொந்தரவு வேண்டாமே என்று. பழைய டிக் மட்டும் அப்படியே நிற்கும்.

நான் ஜனவரியில் போட்ட டிக், நெவேனா. அக்டோபரில் எழுதின வரிக்குப் பக்கத்தில் நிற்கிறது. வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிறகு மேலே எழுதிக்கொள்வது போல.

தொட்டி வாயில் ஒரு அட்டைகூட மாட்டவில்லை. செவ்வாய் மீட்டிங் மதியம். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

என் கைபேசி அரசு வக்கீலிடம் இருக்கிறது. அதிலிருந்து வேண்டியதை மட்டும்தான் எடுக்கிறார்கள். ஆசெனுடையதைத் திறந்தால் அந்தச் செய்தி குப்பைப் பெட்டியில் பிரிக்காமல் கிடப்பது தெரியும். அதற்காகத்தான் கேட்டேன்.

ராதினா நன்றாகப் படிக்கிறாளா?

வெலிஸார்


வார்னா
1 மார்ச் 2024

வெலிஸார் அவர்களுக்கு,

இன்று ஊர் முழுக்க வசந்தத்தை வரவேற்கக் கையில் சிவப்பும் வெள்ளையுமாக நூல் கட்டிக்கொண்டு திரிகிறது. துக்கம் என்பதால் எங்களுக்கு இந்த வருஷம் இல்லை. ராதினா பள்ளிக்கு வெறுங்கையோடு போனாள். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அதுவே பெரிய தண்டனை.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பாதி நம்பினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஆலையின் விசாரணை அறிக்கை வந்து சேர்ந்தது. காகிதத்தால் மறைத்திருந்த பெயர்கள் அதில் மறைக்கப்படவில்லை. உங்கள் பெயருக்கு இரண்டு பெயர் கீழே ஆசென். அவனுக்கும் பச்சை டிக். அதன் அடியில் எழுதியிருக்கிறார்கள்: 'எச்சரிக்கையை ஏற்றுக்கொண்ட பின்பும் தொட்டியில் இறங்கியதால், இறந்தவரின் சொந்தக் கவனக்குறைவும் காரணம்.'

அவன் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று உங்களுக்கு முன்பே தெரியும். மூன்று பக்கம் எழுதினீர்கள், இதை எழுதவில்லை. ஏன்?

அவன் கைபேசியை வாங்கின அன்று எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அந்தக் காலண்டரைப் போட்டுக் கொடுத்ததும் நீங்கள்தான். எது வந்தாலும் சரி என்று அழுத்து, மான்செவ் வாயை அடைத்துவிடு என்று நீங்கள் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

நாங்கள் விட்டு வந்த டோல்னி ப்ரியாக்கிலிருந்து ராதினாவின் பழைய தோழி ஒருத்தி செய்தி அனுப்பியிருக்கிறாள். 'உங்கப்பா தெரிஞ்சேதான் எறங்கினாராமே, வீட்ல ஏதாவது பிரச்னையா?' என்று. அதைப் படித்துவிட்டு என் பெண் என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? அறிக்கையில் அந்த வரி இருக்கிற வரைக்கும் அவள் அப்படித்தான் பார்ப்பாள். எனக்கு நஷ்டஈடு வேண்டாம், யாரும் ஜெயிலுக்குப் போகவும் வேண்டாம். அந்த வரி போக வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறதாம். போன வாரம் மான்செவே வந்தார், பூங்கொத்தோடு. நான் வேலை செய்யும் ஹோட்டலின் சலவை அறைக்குள், நீராவிக்கு நடுவே வந்து நின்றார். ஆசெனைப் பற்றி ரொம்ப உருக்கமாகப் பேசினார். அப்புறம் கேட்டார்:

"திங்கக்கிழம ராத்திரி வெலிஸார் உங்க வீட்டுலதானம்மா சாப்பிட்டாரு? சாப்பிடறப்ப போன எடுத்துப் பாத்திருப்பாரே?"

நீங்கள் சாப்பிட்டது உண்மை. கைபேசி உங்கள் கோட்டுப் பையில், கோட்டு வாசலில் ஆணியில். எனக்கு அது தெரியும். அவருக்குச் சொல்லவில்லை.

"பாத்தாருன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். தெரிஞ்சவர் ஒருத்தர்தான்னு ஆயிடும். ஆசென் பேர்ல இருக்கற வரிய நாங்களே எடுத்துடறோம்."

யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒளிக்காமல் எழுதுகிறேன், நீங்களும் இனிமேல் ஒளிக்காதீர்கள்.

நெவேனா


டோல்னி ப்ரியாக்
10 மார்ச் 2024

நெவேனா,

ஆசெனின் டிக்கைப் பற்றி எழுதாததற்குக் காரணம், எழுதினால் நீ அந்தக் கைபேசியைத் தொடவே மாட்டாய் என்று பயந்தேன். என் சுயநலம். வேறென்ன சொல்ல?

மான்செவ் சொன்னதைச் சொல்லிவிடு. இப்படி எழுதுகிறவன் மனதுக்குள் 'சொல்லாதே, சொல்லாதே' என்றுதான் வேண்டிக்கொண்டிருப்பான். நானும் அப்படித்தான். ஆனாலும் எழுதுகிறேன். எனக்குப் பிள்ளை இல்லை. யார் முகத்தைப் பார்த்தும் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. உனக்கு ராதினா இருக்கிறாள்.

ஆனால் ஒன்று யோசி. அந்த டிக் பொய் என்றால் ரெண்டு பேருக்கும் பொய். உண்மை என்றால் ரெண்டு பேருக்கும் உண்மை. எனக்கு மட்டும் உண்மையாக இருந்து அவனுக்குப் பொய்யாக இருக்க வழியில்லை. இன்றைக்கு மான்செவ் அந்த வரியை எடுப்பார். நாளைக்கு வேறு யாருக்காவது அது தேவைப்பட்டால் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். பூங்கொத்தோடு வருகிறவரின் பேச்சுக்கு என்ன உத்தரவாதம்?

அன்று காலையைப் பற்றி நீ ஒரு தடவையும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன். அவன் நல்ல மனநிலையில் இருந்தான். நீ கொடுத்தனுப்பிய பாலாடைக்கட்டிப் பனிட்சாவைப் பாதி எனக்குப் பிய்த்துக் கொடுத்தான். முந்தின நாள் பார்த்திருந்தோம், அதனால் இறங்கினான். என் கையிலிருந்த அவன் கயிறு சட்டென்று கனத்தது. நானும் குதித்திருப்பேன், பம்ப் அறை ஸ்தான்கா என் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவளை நான் அடித்துக்கூடப் பார்த்தேன், விடவில்லை. அவள் விட்டிருக்கலாம் என்று தினமும் நினைக்கிறேன்.

வெலிஸார்


வார்னா
11 ஏப்ரல் 2024

வெலிஸார் அண்ணா,

ஆசெனுக்கு ஆறு மாத நினைவுக் கோதுமை கொடுத்து முடித்தோம். பாதிரியாருக்குச் சளி, பாதி ஜெபம் இருமலில் போய்விட்டது. ஆசென் இருந்திருந்தால் சிரித்திருப்பான்.

மறுநாள் மதியம், சலவை அறையில் சாப்பாட்டு இடைவேளையில், அந்தப் பையைப் பிரித்தேன். கைபேசியை இஸ்திரிப் பெட்டி சொருகும் இடத்தில் சொருகினேன். கடவு எண் ராதினாவின் பிறந்தநாள், எனக்குத் தெரியும். உயிர் வந்ததும் அது நடுங்க ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. மேஜையில் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கே வந்துவிட்டது. ஆறு மாதத்து மெயில் எல்லாம் வந்து கொட்டியது. அவன் கணக்கை மூட வேண்டும் என்று ஆலையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

குப்பைப் பெட்டியில் நீங்கள் சொன்னது இருந்தது. திங்கட்கிழமை இரவு வந்தது. படிக்காத செய்திக்குரிய தடித்த எழுத்தில்.

அத்தோடு மூடியிருக்கலாம். காலண்டரைத் திறந்தேன். அந்தச் செவ்வாய், நைட்ரஜன், 'நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள்.' அடுத்த செவ்வாய்க்குப் போனேன். அதிலும் மான்செவ் எழுத்தை மாற்றியிருக்கிறார். நான் இங்கே அப்படியே எழுதுகிறேன்:

'கூட்டத்தின் தொடக்கத்தில் நம் தோழர் ஆசெனுக்கு ஒரு நிமிட மௌனம். அனைவரும் கட்டாயம் வரவும்.'

அதற்குக் கீழே, 'நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள்.'

அண்ணா, அன்று அவன் மண்ணுக்குள் இருந்தான். தன் மௌன அஞ்சலிக்குத் தானே வருவதாகச் சம்மதித்திருக்கிறான். அதற்கடுத்த செவ்வாயும் வருகிறான். டிசம்பர் கடைசி வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. புது வருஷத்துக்குப் புது அழைப்பு அனுப்பியிருக்கிறார்கள், அவன் பெயர் அதிலும் இருக்கிறது. அதற்கு மட்டும்தான் அவன் இன்னும் பதில் சொல்லவில்லை.

கூட வேலை செய்கிற பெண்கள் தண்ணீர் கொண்டு வந்தார்கள்.

கைபேசியைக் கொலேவா அம்மாளிடம் நானே கொண்டு போய்க் கொடுத்துவிட்டேன். மான்செவுக்குப் போன் செய்து, கோட்டு ஆணியில் தொங்கியது என்று சொல்லிவிட்டேன். செத்தவன் சம்மதித்தான் என்று காட்டுகிற டிக்கை வைத்து இனி யாரையும் எதுவும் சொல்ல முடியாது. ஆசெனையும் சொல்ல முடியாது, உங்களையும் சொல்ல முடியாது.

நீதிமன்றத்தில் பார்ப்போம்.

நெவேனா


டோல்னி ப்ரியாக்
19 ஏப்ரல் 2024

அன்புத் தங்கச்சி நெவேனா,

மறுபடி அண்ணா என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டுக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மீதியைப் படித்தேன்.

மௌன அஞ்சலியைக் கொலேவா நகல் எடுத்துக் காட்டினார். நானும் அந்த அழைப்பில் இருக்கிறேன். நானும் 'ஏற்றுக்கொண்டிருக்கிறேன்'. அன்று நான் போலீஸ் காவலில் இருந்தேன்.

கொலேவா சொல்கிறார், தெரிந்தே அனுப்பினான் என்ற குற்றச்சாட்டு இனி நிற்காதாம். பாக்கி இருப்பது சாதாரணக் கவனக்குறைவுதானாம், அதையும் பார்த்துக்கொள்ளலாமாம். நீ என்னைக் கரையேற்றிவிட்டாய். இதெல்லாம் முடிந்ததும் நாம் மூன்று பேரும் சேர்ந்து அவன் கல்லறைக்குப் போவோம். ஒரு கிளாஸ் ரகியா ஊற்றி அவனிடம் எல்லாவற்றையும் சொல்லலாம்.

உன் அண்ணன்
வெலிஸார்


வார்னா
22 செப்டம்பர் 2024

வெலிஸார் அவர்களுக்கு,

இதைச் சிறை முகவரிக்கு அனுப்புகிறேன். தீர்ப்புக்குப் பிறகு நீங்கள் எழுதிய இரண்டு கடிதங்களும் வந்தன. பதில் எழுத இவ்வளவு நாள் ஆனது.

முதல் நாள் நான் சாட்சி சொன்னேன். நினைத்தபடியே நடந்தது. மௌன அஞ்சலியை நீதிபதி இரண்டு தடவை வாசித்தார். மான்செவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். ஆசெனின் பெயரில் இருந்த வரியை நீக்கிவிட்டார்கள். எனக்கு வேண்டியது கிடைத்தது. அன்று வெளியே வரும்போது நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். நானும் அழுதேன்.

மறுநாள் ஸ்தான்கா வந்தாள். அவள் யார் பக்கமும் இல்லை. வேலை போய்விடும் என்ற பயமும் அவளுக்கு இருந்தது. அன்று காலை தொட்டி வாயில் என்ன பேசினார்கள் என்று நீதிபதி கேட்டார். அவள் உங்களைப் பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். ஆசென் கேட்டானாம்:

"அண்ணே, மீட்டர ஒரு தடவ எறக்கிப் பாத்துட்டுப் போகட்டுமா?"

நீங்கள் சொன்னீர்களாம்:

"நேத்தே பாத்தாச்சுடா. மீட்டர் எடுக்க அந்தக் கோடிக்குப் போவணும். நான் சொல்றேன்ல, எறங்கு."

உண்மையா என்று நீதிபதி கேட்டதற்கு நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம் என்றீர்கள்.

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். அழைப்பு எப்படி மாறுகிறது, டிக் எப்படி நிற்கிறது, செய்தி எப்படிக் குப்பைக்குப் போகிறது என்று எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். அத்தனையும் உண்மை, ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அன்று காலையைப் பற்றி மட்டும் 'முந்தின நாள் பார்த்திருந்தோம், அதனால் இறங்கினான்' என்று எழுதியிருக்கிறீர்கள். பனிட்சாவைப் பாதி பிய்த்துக் கொடுத்ததைக்கூட எழுத ஞாபகம் இருந்தது. அவன் கேட்டதை எழுத மட்டும் ஞாபகம் வரவில்லை.

தெரிந்தே அனுப்பினவராக இருந்தால் உங்களை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அதுவும் இல்லை என்று நானே கைபேசியைத் திறந்து நிரூபித்துவிட்டேன். சாட்சி சொன்னதற்காக வருத்தப்படவில்லை, அது உண்மை. மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்தச் செவ்வாய் அழைப்புகளில் ஒன்றைக்கூட ஆசென் படித்ததில்லை. உங்கள் பேச்சைத்தான் அவன் காது கொடுத்துக் கேட்டான். சந்தேகம் வந்து திருப்பிக் கேட்டான், பிறகு சரி என்றான்.

கல்லறைக்கு நாம் சேர்ந்து போகப்போவதில்லை. இனிமேல் எழுதாதீர்கள்.

நீதிமன்றத்திலிருந்து திரும்பிய இரவு ராதினா சாப்பிடாமல் காத்திருந்தாள். அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாதுடி, சத்தியமாகத் தெரியாது என்று சொன்னேன். அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் போட்டுக்கொண்டாள். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு, "அப்ப யாரும்மா அப்பாவ எறங்கச் சொன்னது?" என்று கேட்டாள்.

"வெலிஸார் மாமா" என்று சொன்னேன். அவளுக்கு உங்களை வேறு பெயரில் தெரியாது.

நெவேனா